கன்றுக்குட்டியின் இரண்டு பாதி

கோயிலில் இரண்டாம் மணி அடித்து ஓய்வதற்கும் எப்சிபா டீச்சரின் மடியிலிருந்த கைப்பை அதிர்வதற்கும் சரியாக இருந்தது. பைதான் அதிர்ந்ததா, தன் தொடைதான் நடுங்கியதா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. ஜிப்பை இழுத்துப் போனை எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. கட்டையிலே போவான், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சேலை விற்க வந்துவிட்டான் என்று மனசுக்குள் திட்டினாள். திட்டிய மறுகணமே பயம் வந்தது. இன்றைக்கு யாரையும் திட்டக் கூடாது, இன்றைக்கு ஒரு நாளாவது வாயையும் மனசையும் கழுவித் துடைத்து வைத்திருக்க வேண்டும். சென்னையில் மகள் பிரிசில்லாவுக்கு விடியக்காலமே வலி எடுத்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை தரித்து, இரண்டு தடவையும் நாலாம் மாதத்திலேயே கலைந்து போனது. இந்தத் தடவை ஏழாம் மாதத்திலிருந்து ரத்தக் கொதிப்பு, ரயிலில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டதால் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவும் முடியவில்லை. டீச்சர்தான் புதன்கிழமை போவதாக இருந்தாள். இப்போது அடித்துப் பிடித்துச் சாயங்கால ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அதுவரைக்கும் பாளையங்கோட்டை வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணி, "வேத வாசிப்பு ஒம் பேருக்குல்லா போட்டிருக்கு. போயி வாசிச்சிட்டு வா. எல்லாம் ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்று சொல்லி அனுப்பினார். முப்பது வருஷமாக அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். இன்று அதைக் கேட்டபோது முதுகு சில்லிட்டது.

பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சு, நடைபாதையை ஒட்டிய ஓரம். அதுதான் அவள் இடம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி, செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். பதிமூன்று வயதில் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து டீச்சர் வீட்டு வேலைக்கு வந்தவள், இப்போது முப்பத்துநாலு. கோயிலில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எழுதிப் போட்ட சட்டம் எதுவும் கிடையாது, ஆனாலும் வீட்டு வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். டீச்சர் திரும்பியதைக் கண்டு செல்லக்கனி முக்காட்டைச் சரிசெய்து, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் காட்டிச் சிரித்தாள். ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், பயப்படாதீங்க என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லுவாள். பிரிசில்லா மாதிரியா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்று இப்போது தோன்றியது. சட்டென்று முன்னால் திரும்பி, பாடகர் குழு வரிசையில் நிற்க முண்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாசிக்க வேண்டிய பகுதியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வேதத்தைத் திறந்தாள்.

சனிக்கிழமையே சத்தம் போட்டு வாசித்துப் பழகிவிடுகிறவள் அவள். முப்பத்தொரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு, கோயிலில் எவராவது ழகரத்தைக் கொன்று வாசித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நேற்று மட்டும் பெட்டி அடுக்குவதிலும் பேறுகால மருந்து இடிப்பதிலும் பொழுது போய்விட்டது. அதோடு, இந்த ஞாயிறு உண்மையில் அவளுடையதே அல்ல. அட்டவணைப்படி போன ஞாயிறுதான் அவளுக்கு. அதில் எருசலேமின் கோட்டை மதிலை யார் யார் எந்த எந்த இடத்தில் கட்டினார்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல், வாயில் நுழையாத பெயராக நாற்பது, ஐம்பது. சபைக்கு முன்னால் நாக்குக் குழறினால் முப்பத்தொரு வருஷத்து மானம் போகுமே என்று பயந்து, ரிட்டயர்டு தாசில்தார் ரெத்தினசாமியிடம், "அண்ணாச்சி, நீங்க இத எடுத்துக்கிடுங்க, ஒங்க ஞாயித்துக்கெழமைய நான் எடுத்துக்கிடுதேன்" என்று மாற்றிக்கொண்டாள். அவருக்கென்ன பகுதி என்றுகூடப் பார்க்கவில்லை. சிங்கத்துக்குத் தப்பி ஓடினவன் கரடியிடம் மாட்டினான், அதற்கும் தப்பி வீட்டுக்குள் வந்து அப்பாடா என்று சுவரில் கைவைத்தால் பாம்பு கடித்தது என்று ஆமோஸ் தீர்க்கதரிசி ஒருவனைப் பற்றிச் சொல்லுவார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் அதைச் சிரிக்கச் சிரிக்க நடித்துக் காட்டுவாள், கரடிக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். இப்போது அவள் கைவைத்த இடம் எரேமியா முப்பத்துநாலாம் அதிகாரம், எட்டாம் வசனம் முதல் கடைசி வரை.

தெரிந்த கதைதான். எருசலேமைப் பாபிலோன்காரன் சுற்றி வளைத்திருக்கிறான். உள்ளே பயம். அந்தப் பயத்தில் ராஜாவும் பிரபுக்களும் சனங்களும் கோயிலில் கூடி, வருஷக்கணக்காக நம் வீடுகளில் அடிமையாகக் கிடக்கிற நம் சொந்தச் சனத்தை இனி விட்டுவிடுகிறோம் என்று கடவுளோடு உடன்படிக்கை செய்கிறார்கள். அந்தக் காலத்து உடன்படிக்கை சும்மா வாய்ப்பேச்சு இல்லை. ஒரு கன்றுக்குட்டியை இரண்டாக வகிர்ந்து, ஒரு பாதியை இந்தப் பக்கமும் ஒரு பாதியை அந்தப் பக்கமும் போட்டு, நடுவே நடந்து போக வேண்டும். சொல் தவறினால் எனக்கும் இந்தக் கன்றின் கதி வரட்டும் என்பது அதன் அர்த்தம். நடந்தார்கள். சொன்னபடி விடவும் விட்டார்கள். வேலைக்காரிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு என்ன காரணமோ, பாபிலோன் சேனை பாளயத்தைக் கிளப்பிக்கொண்டு அப்பால் போனது. அப்பாடா என்று ஊர் மூச்சுவிட்டது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் எடுக்க ஆளில்லை, மாவு அரைக்க ஆளில்லை, கிழவருக்குக் காலைப் பிடித்துவிட ஆளில்லை. போனவர்களை மறுபடியும் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை, அதற்கப்புறம் வருகிறது தீர்ப்பு. டீச்சர் முதல் நாலு வசனம் பார்த்தாள், வேதத்தை மூடினாள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது.

எல்லாரும் எழுந்தார்கள், அவளும் எழுந்தாள், பாட்டுப் பாடினார்கள், அவள் வாயும் அசைந்தது. கண்ணுக்குள் மட்டும் நடு மத்தியானம், கொரோனா இரண்டாவது அலை, ஞானசிகாமணி கட்டிலில் குப்புறக் கிடக்கிறார். எந்த ஆஸ்பத்திரியிலும் இடமில்லை. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று மூலையில் சீறிக்கொண்டிருக்கிறது. விரலில் மாட்டிய கருவி எண்பத்திரண்டு காட்டுகிறது. ஜாதி சனம் ஒருத்தர் படியேறவில்லை, கூடப் பிறந்த தம்பியே கேட்டுக்கு வெளியே நின்று ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். செல்லக்கனி ஒருத்திதான் அவருடைய எச்சிலையும் மலத்தையும் அள்ளினாள், கவிழ்த்துப் படுக்கவைத்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள், எங்கே படித்தாளோ, கைக்குத் தன்னால் தெரிந்திருந்தது. "ஐயாவுக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நீங்க ஒரு வாய்க் கஞ்சி குடிங்க" என்றாள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பெரிய வேதத்தின்மேல் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்து, எப்சிபா அழுதாள். ஆண்டவரே, இவரை எனக்குத் திருப்பிக் கொடும், இந்தப் பிள்ளையை இனி எங்களுக்காக வைத்துக்கொள்ள மாட்டோம், நர்சு வேலை படிக்க அனுப்புகிறோம், திரும்பக் கூப்பிடவும் மாட்டோம், இது உம் முன்னால் நாங்கள் செய்கிற உடன்படிக்கை. அந்தத் திரும்பக் கூப்பிட மாட்டோம் என்பதை யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சேர்த்தாள். தமிழ் டீச்சர் இல்லையா, வாக்கியம் பூரணமாக இருக்க வேண்டும். கட்டிலில் கிடந்தவரும் தலையை அசைத்து ஆமென் சொன்னார். மறுநாள் கருவி எண்பத்தெட்டு காட்டியது, அதற்கு மறுநாள் தொண்ணூற்றொன்று.

பாவ அறிக்கைக்கு முழங்காலிட்டார்கள். குருவானவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சபை அதைத் திருப்பிச் சொன்னது, முந்நூறு பேர் ஒரே குரலில் பாவம் செய்ததாக ஒத்துக்கொள்ளும்போது எவருக்கும் எதுவும் உறைக்காது, கூட்டத்தோடு கோவிந்தா. டீச்சருக்கு இன்று உறைத்தது. அனுப்பத்தான் செய்தோம் ஆண்டவரே, அனுப்பாமல் இல்லை என்று வாதாடினாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள், வெள்ளைச் சீருடையும் கறுப்பு ஷூவும் ஞானசிகாமணியே வாங்கிக் கொடுத்தார். செல்லக்கனி அந்த ஷூவை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம். எட்டே மாதம். ஞானசிகாமணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சம்பளத்துக்கு வைத்த ஆள் மூன்று நாள் வந்து நாலாம் நாள் நின்றுகொண்டாள். ஒரு ராத்திரி கண் விழித்ததற்கே டீச்சருக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று. போன் பண்ணினாள். "பத்தே நாளு, செல்லக்கனி. ஐயா ஒன்னத்தான் கேக்காரு." அவர் கேட்கவில்லை. "அந்தப் பிள்ளைய எதுக்குட்டி தொந்தரவு பண்ணுத, அனுப்பிவிடு" என்றுதான் படுக்கையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு பழகிப்போய் அவரும் சொல்லுவதை விட்டுவிட்டார், நல்ல மனுஷர்களும் ரசம் சூடாக வந்தால் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். பத்து நாள் மூன்று வருஷமாயிற்று. பயிற்சி போயிற்று. ஷூ மாடிப்படிக்குக் கீழே பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது செல்லக்கனி அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் சுற்றி வைப்பதை டீச்சர் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதோடு போயிருந்தால்கூடப் பழைய பாவம் என்று தள்ளலாம். புதுப் பாவம் ஒன்று சூடாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மதுரை ஆஸ்பத்திரி வார்டனம்மா பேசினாள். விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்திருந்தது டீச்சருடைய நம்பர். "அந்தப் பொண்ணு செல்லக்கனி நல்லா வேலை செய்வா, எனக்கு ஞாபகம் இருக்கு. புது வகுப்புல ஒரு இடம் காலியாயிருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள நேர்ல வந்தாச் சேத்துக்குவேன். முப்பத்தஞ்சு வயசு தாண்டிட்டா அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது." அப்போது செல்லக்கனி பத்தடி தூரத்தில் பிறக்கப்போகிற பிள்ளைக்குத் துணி துவைத்து உலர்த்திக்கொண்டிருந்தாள், பழைய வேஷ்டியைக் கிழித்துச் சதுரம் சதுரமாக. டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். கேட்கவில்லை. சொல்லவில்லை. யார் என்று செல்லக்கனி கேட்டபோது, "பென்ஷன் ஆபீசு" என்றாள். பிரிசில்லா பச்சைப் பிள்ளையோடு வந்து இறங்கப்போகிறாள், குளிப்பாட்ட ஆள் வேண்டும், மருந்து கொடுக்க ஆள் வேண்டும், ஞானசிகாமணியைப் பிடித்து நடத்த ஆள் வேண்டும், ஒரு வருஷம் போகட்டும், வேறு எங்காவது பார்க்கலாம் என்று அந்த நேரத்தில் நியாயம் தோன்றியது. நியாயத்துக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது. எருசலேம்காரர்களுக்கும் கிழவர்களும் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்தானே.

பை அதிர்ந்தது. முழங்காலில் இருந்தபடியே, முக்காட்டுக்குள் ஒளித்துப் பார்த்தாள். மருமகன் ஜெபசிங். பி.பி. நூற்றெழுபது, ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போகிறார்கள், இரண்டு உயிருக்கும் ஜெபம் பண்ணுங்க அத்தை. இரண்டு உயிருக்கும் என்பதை அவள் மூன்று தடவை வாசித்தாள். பக்கத்தில் ஜோதிமணியக்கா, "பிரிசி விஷயமா? என்ன சொல்லுதாக?" என்று குசுகுசுத்தாள். டீச்சர் போனைப் பைக்குள் போட்டு, பையைப் பெஞ்சின்மேல் வைத்து, அது தன்னுடையதே இல்லை என்பதுபோல முன்னால் பார்த்தாள். பயந்தாள். பாம்புக்கும் இருட்டுக்கும் பயப்படுகிற பயமில்லை இது, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற பிள்ளையின் பயம், உள்ளே இருக்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்கிற பயம். ஆண்டவர் உண்மையுள்ளவர், சொன்ன சொல் மாறாதவர் என்று எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுத்திருப்பாள். நல்ல வார்த்தையில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று அவளுக்கு யார் சொன்னது? ஆசீர்வாதம் என்றால் கட்டாயம் தருவார், தண்டனை என்றால் சும்மா மிரட்டுவார் என்று யார் சொன்னது? புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள், இந்த வருஷம் அவளுக்கு வந்தது பயப்படாதே, நான் உன்னோடிருக்கிறேன் என்ற அர்த்தத்தில் ஏசாயா வசனம், ரோஜாப்பூப் படம் போட்டது, பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். எந்த அச்சகக்காரனாவது எரேமியா முப்பத்துநாலை ரோஜாப்பூப் போட்டு அடிப்பானா? அட்டையில் எல்லாம் பாதி வசனம்தான். நீ இப்படி நடந்தால் என்று இருக்கிற மற்றப் பாதியை வெட்டிவிட்டுத்தான் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

சங்கீதம் தொடங்கியது. இந்தச் சபையில் ஒரு வசனத்தை ஆண்கள் பக்கம் சொன்னால் அடுத்ததைப் பெண்கள் பக்கம் சொல்ல வேண்டும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குரல் போய்ப் போய் வந்தது. அவள் எசேக்கியேல் வசனம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீரில் விழுந்தவள் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி. அப்பன் புளிப்புத் திராட்சை தின்றால் பிள்ளைக்குப் பல் கூசும் என்று இனி யாரும் சொல்லவேண்டாம், அவனவன் பாவம் அவனவனுக்கு என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறாரே. அம்மா சொன்ன பொய்க்குப் பிரிசில்லா என்ன செய்வாள், வயிற்றுக்குள் இருக்கிறது என்ன செய்யும், அதற்குப் பென்ஷன் ஆபீசு தெரியுமா, வார்டனம்மா தெரியுமா. மூச்சு லேசானது. உடனே அடுத்த வரி ஞாபகத்துக்கு வந்தது: பாவம் செய்கிறவள் எவளோ அவள்தான் சாக வேண்டும். சரி, நான் சாகிறேன். சாகட்டும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும், அறுபதாகிறது, போதும், அதுகளை விட்டுவிடும். சொல்லிவிட்டுப் பார்த்தாள், நெஞ்சில் லேசாக ஒரு குத்தல் வந்ததுபோல் இருந்தது, உடனே கைவைத்துத் தடவிக்கொண்டாள், அய்யோ இப்பவே இல்லை, பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு என்றாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. வேறு பேரம் பேசினாள். இந்த ஆபரேஷன் மட்டும் நல்லபடி முடியட்டும், தாயும் பிள்ளையும் பிழைக்கட்டும், இன்றைக்கு மத்தியானமே செல்லக்கனியிடம் எல்லாவற்றையும் சொல்லி ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், இது சத்தியம்.

அங்கேதான் மனசு நின்றது. சத்தியம் என்று சொல்லும்போதே அவளுக்கு அவளைத் தெரிந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்ததும் என்ன நடக்கும்? கோயில் வாசலில் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கச் சொல்லுவாள். வீட்டுக்குப் போனதும் செல்லக்கனி சந்தோஷத்தில் கேசரி கிண்டுவாள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் இன்றைக்கே எதற்குச் சொல்லவேண்டும், சாப்பிடட்டும் என்று தோன்றும். சாப்பிட்டதும் ரயிலுக்கு நேரமாகும். பச்சை உடம்புக்காரியைத் தனியாகவா விடுவது, ஆண்டவருக்குத் தெரியாதா நம் நிலைமை, அவர் இரக்கமுள்ளவர் அல்லவா என்று தோன்றும். திங்கட்கிழமை பத்து மணி தானாகக் கடந்து போகும். சேனை வந்தால் விடுவது, சேனை போனால் பிடிப்பது. அந்த ஊர்க்காரர்கள் பொய்ச்சத்தியம் செய்யவில்லை, பாவம், நடக்கும்போது மனசார அழுதுகொண்டுதான் நடந்திருப்பார்கள், நானும் அன்றைக்கு மனசார அழுதேன். பயத்தில் கொடுத்த சொல் பயம் போனால் கூடவே போய்விடுகிறது. அப்படியானால் நான் பயந்துகொண்டிருக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் செல்லக்கனிக்கு உள்ள நேரம் என்று டீச்சர் நினைத்தாள். எழுந்து ஓடிவிடலாமா, வயிற்றுக் கலக்கம் என்று ஜோதிமணியக்காவிடம் வேதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சங்கீதம் முடிந்தது, சபை உட்கார்ந்தது, குருவானவர் இவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். நாலாவது பெஞ்சிலிருந்து வாசிப்பு மேடைக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான், எத்தனையோ வருஷமாக நடந்த நடைபாதை, சிவப்பு விரிப்புப் போட்டது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இரண்டு பக்கமும் சதையும் மூச்சுமாகச் சனம். நடுவே அவள். கன்றின் சூடு ஆறுவதற்குள் நடந்திருப்பார்கள், பாதத்தில் ரத்தம் பிசுபிசுத்திருக்கும், சேலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த பெண்களும் இருந்திருப்பார்கள். அவளும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேடையில் ஏறித் திறந்தாள். முடியாவிட்டால் பதினோராம் வசனத்தோடு நிறுத்திவிடலாம், நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் தாசில்தார் வேதத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஒரு சொல் விட்டாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனுஷர். வாசித்தாள். ழகரம் லகரம் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன, குரல் மட்டும் யாருடையதோ. விட்டுவிட்டவர்களை மறுபடியும் இழுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று வரும் இடத்தில், வேலைக்காரி என்ற சொல்லில், நாக்கு ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்தாள். கடைசி பெஞ்சில் செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது, பிரிசில்லாவுக்காக. அவள் இந்த வசனத்தைக் கேட்கவே இல்லை. சபைக்கெல்லாம் வாசிக்கிற தீர்ப்பில் ஒரு சொல்கூட அதற்கு உரியவள் காதில் விழவில்லை. நீங்கள் அவர்களுக்கு விடுதலை கொடுக்கவில்லை, ஆகவே நான் உங்களுக்கு விடுதலை கொடுக்கிறேன், வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று ஆண்டவர் சொல்லுவதை வாசித்தாள். கன்றின் நடுவே நடந்தவர்களை என்ன செய்யப்போகிறார் என்பதை வாசித்தாள். போன சேனையைத் திரும்பக் கூப்பிடுவேன் என்பதை வாசித்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நாலாவது பெஞ்சின் பலகையில் அவள் பை கடகடவென்று அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. குறுஞ்செய்தி அல்ல, அழைப்பு. ஜோதிமணியக்கா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வா வா என்று கண்ணால் கூப்பிட்டாள்.

பாடம் இத்துடன் முடிந்தது என்று சொல்லி வேதத்தை மூடினாள். பாட்டு எழும்பியது, சபை எழுந்து நின்றது, அவள் இறங்கினாள். கால் நாலாவது பெஞ்சை நோக்கித்தான் பாய்ந்தது, பெற்ற வயிறு வேறு எங்கே பாயும். ஜோதிமணியக்கா போனை வெளியே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள், திரை வெளிச்சமாக இருந்தது, அந்த அம்மாளின் முகத்தில் இருந்தது சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியாதபடி டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பார்த்தால் போயிற்று. நல்லது என்றால் சொல்லமாட்டேன். கெட்டது என்றால் சொல்ல நாக்கு இருக்காது. "எப்சி, இந்தா, ஒனக்குத்தான்" என்று ஜோதிமணியக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தாள். தலைப்பு கையிலிருந்து நழுவியது. டீச்சர் தன் பெஞ்சைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள், இரண்டு பாதிச் சபைக்கும் நடுவே, பாடுகிற வாய்களுக்கு நடுவே. தாசில்தார் திரும்பிப் பார்த்தார். பாட்டு ஒரு இடத்தில் தேய்ந்து மறுபடியும் எழும்பியது. பின்னால் போன் மறுபடியும் அதிர்வது முதுகுத்தண்டில் கேட்டது, இப்போது எடு, இப்போது எடு என்று. கடைசி பெஞ்சு வெகு தூரத்தில் இருந்தது.

செல்லக்கனி பதறிக்கொண்டு ஓரத்துக்கு வந்தாள். "என்னம்மா, என்ன ஆச்சு, உக்காருங்க, தண்ணி வேணுமா?"

"வார்டனம்மா போன் பண்ணுனா. வெள்ளிக்கெழமையே பண்ணிட்டா" என்றாள் டீச்சர். "பென்ஷன் ஆபீசு இல்ல. ஒனக்கு எடம் இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீ மதுரைல நிக்கணும். நான் வேணும்னுதான் ஒங்கிட்ட மறைச்சேன். இனிமே நான் ஒன்னக் கூப்பிட்டா வராத. அழுதுக்கிட்டுக் கூப்பிட்டாலும் வராத. கேட்டியா?"

சொன்னது செல்லக்கனிக்குள் இறங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. இறங்கியதும் கண் ஒரு தடவை விரிந்து, உடனே வேறு எதையோ நினைத்துச் சுருங்கியது. டீச்சரின் தோளுக்கு மேலாக, நாலாவது பெஞ்சில் இன்னும் உயர்ந்து நின்ற கையையும் அதிலிருந்த வெளிச்சத்தையும் பார்த்தாள். டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பிரிசி பாப்பாக்குப் பிள்ள பெறந்துட்டாம்மா?"

"தெரியலட்டீ" என்றாள் எப்சிபா. "நான் இன்னும் பாக்கல."